நாலாவது மண்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டாலும் நலம் என்றுதான் எழுதுவாய். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் குரைக்கிறோம் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "எழுதுங்க. கை வலிச்சா வாய் தானா குறையும்" என்கிறாள். வருகிற கடிதங்களை அவளே பிரித்துச் சத்தமாகப் படித்த பிறகுதான் எனக்குத் தருவாளாம். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

அம்மா என்னோடு இருக்க வந்துவிட்டாள், தன் வெள்ளை ஃப்ரிட்ஜோடு. என்னுடையது பொம்மை மாதிரி இருக்கிறதாம். மாடியேற்றும்போது சுவரில் உரசி, கதவில் நீளமாக ஒரு கீறல். அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் அகழாய்வுக் கிடங்கில் எண் எழுத வாங்கி மீந்துபோன ஒயிட்னர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். நகச்சாயம் பூசுவதுபோல உட்கார்ந்து பூசிவிட்டாள். வருகிறவர்களையெல்லாம் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நிறுத்தி, "சொன்னாத்தான் தெரியும்" என்கிறாள். சொல்லாமல் இருந்தால் தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

உங்கள் ஆய்வகம் கேட்ட பழைய பானை ஓடுகளை அனுப்பிவிட்டேன். கறுப்பு ஓடுகள் மேல்தட்டில் இருக்கும். எண்களை நூல் கட்டிய சீட்டில் எழுதியிருக்கிறேன். தணிக்கை அதிகாரி வருகிறார் என்று கிடங்கே தலைகீழாகக் கிடந்தது. போன வாரம் முழுக்கத் துடைப்பதும் கட்டுவதும்தான் வேலை. என் விரல்களில் இன்னும் தின்னர் வாடை போகவில்லை.

ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கும், உனக்கு முன்னால் இதைப் படிக்கப்போகிற அம்மாவுக்கும்,

நலம். அம்மா, முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை விழுங்கு, தலையணைக்கு அடியில் வைக்காதே.

அக்கா, எங்கள் துறையில் இப்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது தெரியுமா? ஒரு காலத்தில் ஓட்டைத் தடவிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், நாக்கில்கூட வைத்துப் பார்ப்பார்கள். பிறகு ஓட்டைக் கண்ணாடிபோல மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்து, உள்ளே இருக்கிற மணலை அடையாளம் கண்டார்கள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒருவர் இன்னும் அதைத்தான் செய்கிறார். கண்ணாடிக்காரர் என்று பெயர். கண்ணில் இருப்பதும் கண்ணாடி, கையில் இருப்பதும் கண்ணாடி. ஓர் ஓட்டை முடிப்பதற்குள் அவருக்கு ஒரு மழைக்காலம் போய்விடும். எங்களிடம் எக்ஸ்ரே கருவி இருக்கிறது. ஓட்டை வைத்தால், டீ ஆறுவதற்குள் அதில் என்னென்ன தனிமம் எவ்வளவு என்று சொல்லிவிடும். ஒரே மாதிரி மண்ணையெல்லாம் கணினி ஒரு கூட்டமாகச் சேர்த்துவிடும். எந்த மண் எந்த ஊர் என்று அப்புறம் நாம் பேசலாம்.

நீ அனுப்பியவற்றில் மூன்று மண் வரும் என்று எதிர்பார்த்தேன். நாலு வந்திருக்கிறது. நாலாவதில் டைட்டானியம் எக்கச்சக்கம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு மண்ணே கிடையாது. அந்தப் பானைகள் கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். எல்லாமே கறுப்பு ஓடுகள். இது அச்சானால், ஆய்வகத் தலைமைப் பதவி எனக்குத்தான் என்று இங்கே காதோடு காதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரு சின்ன விஷயம். கறுப்பு ஓடுகளின் வெளிப்பக்கம் மெருகிட்டது என்பதால் உள்பக்கத்தைத்தான் கருவியில் வைத்தோம். அங்கே எதையாவது பூசினீர்களா, எண்ணை எப்படி எழுதினீர்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. அடிக்குறிப்பாகப் போட வேண்டும். விதிப்படிதான் என்றால் அப்படியே எழுது, போதும்.

அம்மாவும் ஃப்ரிட்ஜும் நலமா?

தம்பி

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை அம்மா மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். மூன்றாவது தடவை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. நாலாவது மண்ணை இந்தத் தெருவுக்கே விநியோகம் செய்துவிட்டாள். "என் பையன் மண்ணைப் பாத்தே ஊரைச் சொல்லிடுவான்" என்கிறாள். எதிர்வீட்டு அம்மா ஒரு பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "இதுல ஏன் எதுவும் வர மாட்டேங்குதுன்னு தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன்.

நீ கேட்டதற்குப் பதில்: எல்லாம் விதிப்படிதான். ஓடுகளில் எதையும் பூசவில்லை. எண்கள் சீட்டில்தான்.

இங்கே வெயில் தாங்கவில்லை. கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே தட்டுகளைத் தொட்டால் கை சுடுகிறது. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. நான் புதுச் செருப்பு வாங்கினேன், கடிக்கிறது. வேறு விசேஷம் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, எழுதியதைப் படித்துக் காட்டு என்கிறாள் அம்மா. படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

நலம்தானே? இங்கே கொஞ்சம் அதிகமாகவே நலம். கட்டுரை அச்சாகிவிட்டது. தலைமைப் பதவியும் வந்துவிட்டது. பழைய தலைவரின் சுழல் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்கிறது, அது ஒன்றுதான் குறை. அக்கா, பத்திரிகைப் பிரதி அனுப்பியிருக்கிறேன். அடிக்குறிப்பில் 'கிடங்குப் பொறுப்பாளரின் எழுத்துமூலமான உறுதிப்படி' என்று நீயும் இருக்கிறாய்.

மாநாட்டில் ஒரு கூத்து நடந்தது. நான் பேசி முடித்ததும் கண்ணாடிக்காரர் எழுந்தார். உன் பெட்டியிலிருந்து இரண்டு கறுப்பு ஓடுகளை வாங்கிச் சீவிப் பார்த்தாராம். "உள்ள இருக்கிறது நம்ம ஆத்து மணல்தாங்க. இன்னொரு தடவை பாத்துட்டுச் சொன்னா நல்லது" என்றார். நான் மைக்கில், "ஐயாவுக்குக் கண்ணாடி மாத்துற நேரம் வந்தாச்சு" என்றேன். அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய பிரிவை ஆண்டு முடிவில் மூடுகிறார்கள். அந்த இடத்தில் எங்களுக்குப் புதுக் கருவி வருகிறது. காலம் மாறுகிறது, என்ன செய்வது?

தம்பி

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இனி எனக்கு எழுதுவதைக் கிடங்கு முகவரிக்கு எழுது. அம்மாவுக்குத் தனியாக எழுதிக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்காரர் இங்கே வந்திருந்தார். முன்பின் பார்த்ததில்லை என்றாலும், குடையை மடக்கித் துடைத்துவிட்டு வாசலிலேயே நின்ற விதத்தில் அவர்தான் என்று தெரிந்தது. கறுப்பு ஓடுகள் இருந்த தட்டைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். பெட்டியில் போகாமல் மீதி இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"உள்பக்கம் ஏதாவது பட்டிருக்குமாம்மா?" என்று கேட்டார். "உங்களைக் குத்தம் சொல்ல வரல. என் கண்ணுலதான் கோளாறான்னு தெரிஞ்சுக்கணும். கோளாறுன்னா விட்டுட்டுப் போயிடுவேன்."

நான் "இல்லைங்க சார், எதுவும் படல" என்றேன்.

அவர் நன்றி சொன்னார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அவர் போன பிறகு எனக்கு அந்தத் தட்டுப் பக்கம் போகவே முடியவில்லை. அந்த மனிதர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறார்.

ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல். அந்த ஓடுகளில் ஏதாவது ஒன்றை உடைத்து, உடைந்த பக்கத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தாயா?

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நலம், நலம் அறிய ஆவல். அம்மா, நீ கேட்ட போர்வையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீலம் கிடைக்கவில்லை.

அக்கா, பார்க்க வேண்டியதையெல்லாம் பார்க்காமலா கட்டுரை எழுதுவோம்? ஊரில் இருக்கிறவர்கள் ஆயிரம் பேசுவார்கள். நீ அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அவசரமாக எழுதுகிறேன்.

தம்பி

செப்டம்பர் 2

தம்பிக்கு,

கிடங்கு முகவரிக்கு எழுதச் சொல்லியும் நீ வீட்டுக்கு எழுதினாய். அம்மா அதையும் சத்தமாகப் படித்தாள். "பாக்காமலா எழுதுவோம்" என்ற இடத்தில், "அதானே" என்று எனக்கு ஒரு பார்வை வேறு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்கு வரவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

கறுப்பு ஓடுகளின் உள்பக்கத்தில் ஒயிட்னர் பூசி, அதன்மேல் பேனாவால் எண் எழுதியவள் நான்தான். சீட்டுக் கட்டுவதுதான் விதி. நூல் அவிழ்கிறது, சீட்டு உதிர்கிறது, கூடைகூடையாக ஓடு வந்து குவிகிறது. ஒயிட்னர் என்றால் ஒரு கோடு, ஓர் எண், முடிந்தது வேலை. தணிக்கை என்றதும் பயந்துபோய் எல்லாவற்றையும் தின்னர் ஊற்றிப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். எனக்கு நன்றாகவே நுழைந்தது. கண்ணுக்கு ஒரு பொட்டு வெள்ளை தெரியாமல் தேய்த்துவிட்டேன். ஆனால் ஓட்டில் எங்கு பார்த்தாலும் நுண்துளை. போனது போக மிச்சம் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

இது மட்டும் என்றால் தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். உன் கேள்வி வந்த அன்று பாட்டிலை எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். அந்த வெள்ளை எதனால் செய்தது என்று போட்டிருந்தது: டைட்டானியம். படித்துவிட்டுத்தான் உனக்கு 'விதிப்படி' என்று எழுதினேன். வேலைக்கு ஆபத்து வரும் என்ற பயம் பாதி. அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துப் படித்தது பாதி. கண்ணாடிக்காரர் நேரில் வந்து நின்றபோதும் அதே பொய்யைச் சொன்னேன். அவர் நன்றி சொன்னார் தம்பி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

உன் நாலாவது மண் என்னால் வந்தது. என்ன செய்யலாம் என்று எழுது. கிடங்குக்கு எழுது.

அக்கா

நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பல தடவை பதில் எழுதினேன், எல்லாவற்றிலும் உன்னை மன்னித்திருந்தேன். படித்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கிழித்துவிட்டேன்.

ஓட்டை உடைத்துப் பார்த்தாயா என்று கேட்டாய். பார்த்தேன். மார்ச்சிலேயே பார்த்துவிட்டேன், உனக்கு அந்தக் கேள்வியை எழுதுவதற்கு முன்பே. உடைந்த பக்கத்தில் டைட்டானியம் மற்ற ஓடுகளில் இருக்கிற அளவுதான் இருந்தது, அதிகம் இருந்தது மேற்பரப்பில் மட்டும்தான். கருவியில் ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் உன் பிப்ரவரி கடிதம் ஞாபகம் வந்தது, அந்த ஃப்ரிட்ஜ் கடிதம். கிடங்கில் எண் எழுத வாங்கி மீந்துபோன ஒயிட்னர் என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

உடைத்த ஓட்டை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். அப்புறம் உனக்கு எழுதினேன். அது கேள்வியே இல்லை அக்கா. 'விதிப்படிதான் என்றால் அப்படியே எழுது' என்று பதிலையும் நானே எழுதிக் கொடுத்தேன். அம்மா சத்தமாகப் படிப்பாள், அதற்குப் பிறகு உன்னால் இல்லை என்று சொல்ல முடியாது என்று தெரிந்துதான் எழுதினேன். உன் பொய் எனக்குத் தேவைப்பட்டது. ஒருவேளை எல்லாம் வெளியே வந்தால் அடிக்குறிப்பில் நீ இருப்பாய், நான் இருக்க மாட்டேன். ஃப்ரிட்ஜ் நலமா என்று ஏன் கேட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நீ புரிந்துகொண்டு உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்றும் இருந்தது.

கண்ணாடிக்காரர் கீழ்த்தளத்தில் தன் கண்ணாடிச் சில்லுகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறார். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொல்கிறார். நான் இப்போது லிஃப்டில்தான் போகிறேன்.

என்ன செய்வது என்று தெரியவில்லை.

தம்பி

நவம்பர் 21

தம்பிக்கு,

தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டே படித்தேன். முதலில் உன்னை அறைய வேண்டும்போல இருந்தது. அப்புறம் எந்தக் கையால் அறைவது என்று யோசித்தேன். பொய் எழுதின கையும் அதுதானே.

நேற்று என் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "போங்க, சொல்லி அனுப்புறேன்" என்றார். உன் ஃப்ரிட்ஜ் விசாரிப்பைப் பற்றியும் நீ உடைத்துப் பார்த்ததைப் பற்றியும் எதுவும் எழுதவில்லை. அது என் வேலை இல்லை.

அடிக்குறிப்பு என்னுடையது. அதை நான் எடுத்துவிட்டேன். அதற்கு மேலே இருப்பதெல்லாம் உன்னுடையது.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. குளிர் வந்துவிட்டது, ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அக்கா

டிசம்பர் 22

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

தெரிந்தேதான் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். அம்மா, இதை நீ முதலில் படிக்க வேண்டும். சத்தமாகப் படித்தாலும் சரி.

'மட்பாண்ட ஆய்வின் இன்றைய போக்குகள்' என்று ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடக்கும். தலைவர்தான் பேச வேண்டும் என்பது வழக்கம். புதுக் கருவிகள், பெரிய எண்ணிக்கை, கணினி என்று பேசுவதற்கு எழுதி வைத்திருந்தேன். மேடையில் அதை மடித்துவிட்டேன். என் கட்டுரையில் வந்த நாலாவது மண் கடல் தாண்டி வரவில்லை, முக்குக் கடையிலிருந்து ஒயிட்னர் பாட்டிலில் வந்தது என்று சொன்னேன். யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை.

கிடங்கில் நடந்தது தவறு, அதைத் தெரிந்துகொண்டே மறைத்தது நான், அச்சாவதற்கு முன்பே உடைத்துப் பார்த்துவிட்டேன் என்றேன். கண்ணாடிக்காரர் பெயரைச் சொல்லி, ஜூனில் அவரைப் பார்த்து நான் சொன்ன வார்த்தையைத் திரும்பச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

முடிந்ததும் எல்லோரும் சுவர் ஓரமாகப் போனார்கள். அவர் மட்டும் என்னிடம் வந்தார். தேறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "அந்த உடைச்ச ஓட்டைத் தூக்கிப் போட்டுடலையே?" என்றார். இழுப்பறையில் இருக்கிறது என்றேன். "குடுங்க. அதையும் சீவிப் பாத்துடலாம்" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என் அறைவரை வந்து ஓட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். பதவியை விட்டுவிட்டேன், விடாவிட்டால் எடுத்திருப்பார்கள், அதனால் அதில் பெருமை ஒன்றும் இல்லை. கீழ்த்தளத்தை மூடுவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அம்மா, எதிர்வீட்டில் என்ன சொல்வாய் என்று நினைத்தால்தான் தலை நிமிர முடியவில்லை.

உங்கள் பிள்ளை

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல அம்மாதான் பிரித்தாள். இந்த முறை சத்தமாகப் படிக்கவில்லை. சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, உதடு அசைய ஒரு தடவை படித்தாள். அப்புறம் என்னிடம் கொடுத்துவிட்டு, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள். தெரியும், தப்பே என்னிடமிருந்துதான் ஆரம்பித்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு பேரும் சேர்ந்துதானா" என்றாள். எழுந்துபோய் அரிசி களைய ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

என்னைக் கிடங்குப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது சீட்டுக் கட்டுகிற வேலைதான். நூல் அவிழ்கிறது, மறுபடி கட்டுகிறேன். கண்ணாடிக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நான் கொடுத்த தண்ணீரை அவர் குடித்ததுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நேற்று எதிர்வீட்டு அம்மா வந்தார்கள். "தம்பி கண்டுபிடிச்ச மண்ணு இப்ப எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டார்கள். நான் உள்ளே போய்விடலாம் என்று எழுந்தேன். அம்மா, "அது மண்ணே இல்லைங்க. ஒயிட்னராம். தப்பாச் சொல்லிட்டான், அப்புறம் அவனே மேடையில சொல்லிட்டான்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஜன்னல் திறந்துதான் கிடந்தது.

அவர்கள் போன பிறகு சமையலறையில் சரக்சரக்கென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அம்மா ஃப்ரிட்ஜ் கதவுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தான் பூசின ஒயிட்னரைக் கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னம்மா பண்ற என்று கேட்டேன்.

"கீறல்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

லீவு கிடைத்தால் வா. அம்மா நலம். நான் நலம். ஃப்ரிட்ஜும் நலம். கீறல் தெரிகிறது.

அன்புடன்,
அக்கா